வீடு வாங்கும் சங்கிலி எங்கே நிற்கிறது? எக்ஸெல் கொண்டு கண்டுபிடிக்கலாம்

"மகன் லண்டனில் வீடு பார்த்து, விலையும் பேசி முடித்து நாலு மாதம் ஆகிறது. எப்போது குடி போகிறாய் என்று கேட்டால், செயின் நகரவில்லை அப்பா என்கிறான். அது என்ன செயினோ, ஒன்றும் புரியவில்லை." இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் அங்கே சென்று, பின்னர் வீடு வாங்க முனையும் நம்மவர்களுக்கும் இது புதிய அனுபவம். நம் ஊரில் வில்லங்கம் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பத்திரப் பதிவு முடித்தால் வேலை முடிந்தது. அங்கே அப்படி இல்லை.

இந்தச் சங்கிலி என்பது என்ன, அது ஏன் நிற்கிறது, நிற்கும் இடத்தை வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் கொண்டு எப்படிக் கண்டறிவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். இதற்குப் புதிய சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸெல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பினைப் பயன்படுத்தலாம்.

சங்கிலி என்றால் என்ன?

ஒரு கற்பனைச் சங்கிலியை எடுத்துக் கொள்வோம். வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளைஞர், இல்போர்டில் உள்ள ஒரு பிளாட்டை வாங்குகிறார். அந்த பிளாட் ஒரு தமிழ்க் குடும்பத்திற்குச் சொந்தமானது. அந்தக் குடும்பம் பிளாட்டை விற்ற பணத்தையும், புதிய வீட்டுக் கடனையும், மதுரையில் இருக்கும் அப்பா தரும் பணத்தையும் சேர்த்து ஹாரோவில் ஒரு வீடு வாங்குகிறது. ஹாரோ வீட்டுக்காரர் அதை விற்று வாட்போர்டில் பெரிய வீடு வாங்குகிறார். வாட்போர்ட் வீட்டின் உரிமையாளர் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகள் அதனை விற்கிறார்கள்.

ஆக மூன்று வீடுகள், நான்கு குடும்பங்கள். ஒவ்வொருவரும் விற்ற பணத்தில்தான் அடுத்த வீட்டை வாங்குகிறார்கள். எனவே மூன்று விற்பனைகளும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். இளைஞரின் பணம் காலையில் புறப்பட்டு, ஒவ்வொரு சொலிசிட்டர் அலுவலகமாக ஏறி, மாலைக்குள் வாட்போர்ட் வாரிசுகளை அடையும். இதில் ஒரு கண்ணி தயாராக இல்லை என்றாலும் மற்ற எல்லோரும் பெட்டி கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி முடித்தது யாரையும் கட்டுப்படுத்தாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைச் சொலிசிட்டர்கள் மாற்றிக் கொள்ளும் நாளில்தான் பேச்சு உறுதியாகிறது. இதனை எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம் அப்போது தரப்படும். அதன் பின்னர் சாவி கைமாறும் நாள் கம்ப்ளீஷன். எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை விற்பவர் மனம் மாறலாம், வேறொருவர் அதிக விலை தந்தால் அவர் பக்கம் போகலாம், வாங்குபவரும் விலகலாம். சர்வே செய்த செலவு, சர்ச் கட்டணம், சொலிசிட்டர் செய்த வேலைக்கான தொகை ஆகியவை திரும்பி வராது. ஆகவே தாமதம் என்பது வெறும் எரிச்சல் அல்ல. நாள் கூடக் கூட, யாராவது ஒருவர் சலித்து விலகும் வாய்ப்பும் கூடுகிறது.

ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. அங்கே சொலிசிட்டர்கள் பரிமாறிக் கொள்ளும் மிஸிவ்ஸ் என்னும் கடிதங்கள் மூலம் ஒப்பந்தம் உறுதியாகிறது. 2008 டிசம்பர் முதல், விற்பவரே ஹோம் ரிப்போர்ட் என்ற அறிக்கையை முன்கூட்டியே தயார் செய்து தர வேண்டும். இங்கே நாம் பார்ப்பது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையை மட்டுமே.

ஏன் யாருக்கும் முழு நிலவரம் தெரிவதில்லை?

இதுதான் முக்கியமான விஷயம். ஒரு சொலிசிட்டர் தனக்குக் கீழே உள்ளவரின் சொலிசிட்டரிடமும் மேலே உள்ளவரின் சொலிசிட்டரிடமும் மட்டுமே பேசுவார். இல்போர்ட் குடும்பத்தின் சொலிசிட்டருக்கு வாட்போர்டில் என்ன நடக்கிறது என்று நேரடியாகத் தெரியாது. ஹாரோ தரப்பு சொன்னால்தான் தெரியும். செய்தி கண்ணி கண்ணியாக இறங்கி வரும்போது தேய்ந்து போகிறது. "இரண்டு கேள்விகளுக்குப் பதில் பாக்கி" என்பது கடைசியில் "மேலே ஏதோ லேட்" என்று வந்து சேர்கிறது.

இந்தக் குறையைக் கம்ப்யூட்டர் மூலம் தீர்க்க அங்குள்ள நில ஆவணப் பதிவு அமைப்பான லேண்ட் ரெஜிஸ்ட்ரி ஒரு முறை முயன்றது. செயின் மேட்ரிக்ஸ் என்ற பெயரில் 2006-ஆம் ஆண்டு ஒரு இன்டர்நெட் சேவை பிரிஸ்டல், போர்ட்ஸ்மவுத், பேர்ஹம் ஆகிய இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. சங்கிலியில் உள்ள ஒவ்வொரு வீடும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரே திரையில் காட்டுவதுதான் திட்டம். சோதனையோடு அது நின்றது. நாடு முழுவதற்கும் வரவில்லை. விற்பவர் ஆவணங்களை முன்பே தொகுத்துத் தர வேண்டும் என 2007-ல் கொண்டு வரப்பட்ட ஹோம் இன்பர்மேஷன் பேக் திட்டமும் 2010 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

பொதுவான திரை இல்லை என்றால் என்ன? நமக்கான திரையை நாமே தயார் செய்து கொள்ளலாம்.

தாமதம் எங்கெங்கே வரும்?

அட்டவணை தயாரிக்கும் முன், எதையெல்லாம் அதில் எழுத வேண்டும் என்று தெரிந்து கொள்ள வேண்டும். வழக்கமாகச் சங்கிலி சிக்கும் இடங்கள் இவை.

1. கவுன்சில் சர்ச்: வாங்கும் வீட்டைப் பற்றி உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டுப் பெறும் விவரங்கள். சாலை, கட்டிட அனுமதி, நிலத்தின் மீதான கட்டுப்பாடுகள் போன்றவை இதில் வரும். சில கவுன்சில்கள் சில நாட்களில் தந்துவிடும். சில பல வாரங்கள் எடுத்துக் கொள்ளும். இந்த விவரங்களில் ஒரு பகுதி 2018 முதல் படிப்படியாக லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் டிஜிட்டல் பதிவுக்கு மாற்றப்பட்டு வருகிறது. மாறிய பகுதிகளில் அந்தப் பங்கு மட்டும் உடனே கிடைத்துவிடும்.

2. லீஸ்ஹோல்ட் விவரத் தொகுப்பு: பிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட்தான். பராமரிப்புக் கட்டணம், இன்சூரன்ஸ், பாக்கித் தொகை போன்றவற்றைக் கட்டிட நிர்வாக ஏஜென்ட் எல்பிஇ1 என்ற படிவத்தில் நிரப்பித் தர வேண்டும். இதற்குக் கட்டணம் உண்டு. விற்பவர் கட்டணத்தைச் செலுத்தும் வரை ஏஜென்ட் வேலையைத் தொடங்க மாட்டார். பிளாட்டை விற்கப் போகிறோம் என்று முடிவு செய்த அன்றே இதனைக் கேட்டு வைப்பது நல்லது.

3. என்கொயரி எனப்படும் கேள்விகள்: சமையலறைச் சுவரை இடித்தபோது அனுமதி வாங்கினீர்களா? ஜன்னல் மாற்றியதற்குச் சான்று உண்டா? இப்படி வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்பார். 2002 ஏப்ரலுக்குப் பின் ஜன்னல் மாற்றியிருந்தால், பென்சா போன்ற அமைப்பின் சான்றோ கவுன்சிலின் சான்றோ இருக்க வேண்டும்.

4. வீட்டுக் கடன்: வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்திற்குக் காலாவதி நாள் உண்டு. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை. தேதி தாண்டினால் மீண்டும் விண்ணப்பம், ஒரு வேளை அதிக வட்டி.

5. உரிமையாளர் இறந்த வீடு: வாரிசுகள் விற்பதற்கு நீதிமன்றம் தரும் புரோபேட் உத்தரவு வேண்டும். அது வராமல் கம்ப்ளீஷன் நடக்காது.

6. பணம் வந்த வழி: 2017-ஆம் ஆண்டின் பண மோசடித் தடுப்பு விதிகளின்படி, வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் இருந்து பெற்றோர் தரும் பணம் என்றால் பெற்றோரின் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், திருப்பிக் கேட்க மாட்டோம் என்ற கடிதம் எல்லாம் கேட்கப்படும். நம்மவர்களின் சங்கிலியில் அதிகம் கவனிக்கப்படாத கண்ணி இதுதான்.

அட்டவணை தயாரிப்போம்

எக்ஸெல் தொகுப்பினைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை கீழ்க்கண்ட தலைப்புகளை டைப் செய்திடவும்.

ஏ: எந்த வீடு
பி: என்ன வேண்டும்
சி: யார் தர வேண்டும்
டி: கேட்ட நாள்
ஈ: காத்திருக்கும் நாட்கள்
எப்: அடுத்து விசாரிக்கும் நாள்
ஜி: குறிப்பு

இனி ஒவ்வொரு பாக்கி விஷயத்திற்கும் ஒரு வரிசை. "ஹாரோ வீடு தாமதம்" என்று எழுதுவதில் பயனில்லை. "சுவர் இடித்த அனுமதிக் கடிதம், ஹாரோ விற்பவர் தர வேண்டும், கேட்டது 26 மே" என்று எழுத வேண்டும். ஒரு வரிசையில் ஒரே பொருள், ஒரே ஆள், ஒரே தேதி. ஆள் யார் என்று எழுத முடியவில்லை என்றால், நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியதே அதைத்தான்.

ஈ2 செல்லில் கர்சரை வைத்து, முதலில் சமக்குறி இடுங்கள். தொடர்ந்து ஆங்கிலத்தில் டுடே என டைப் செய்து, திறக்கும் அடைப்புக்குறியையும் மூடும் அடைப்புக்குறியையும் இடைவெளியின்றிச் சேர்த்து, ஒரு கழித்தல் குறி இட்டு, டி2 என முடித்து என்டர் தட்டுங்கள். இன்றைய தேதியில் இருந்து கேட்ட தேதியைக் கழித்து, எத்தனை நாள் ஆயிற்று என்று எக்ஸெல் காட்டும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா காப்பி ஆகிவிடும். பைலை எப்போது திறந்தாலும் எண்கள் தாமாகவே மாறிக் கொள்ளும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு பழைய தேதி தெரிந்தால், அந்த செல்லின் பார்மட்டை ஜெனரல் என மாற்றுங்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு எண் வந்தால் பயப்பட வேண்டாம். டி நெடுவரிசையில் தேதி நிரப்பவில்லை என்று பொருள். மூன்றாவதுதான் ஆபத்தானது. கம்ப்யூட்டரில் அமெரிக்கத் தேதி அமைப்பு இருந்தால், 5-6 என நீங்கள் டைப் செய்யும் ஜூன் 5-ஐ அது மே 6 என்று எடுத்துக் கொள்ளும். எண்களுக்குப் பதில் மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து, ஈ நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேப்பில் கண்டிஷனல் பார்மட்டிங் என்பதில் கிளிக் செய்திடுங்கள். ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பின்னர் கிரேட்டர் தேன் எனச் சென்று 14 எனக் கொடுங்கள். பதினான்கு நாட்களைத் தாண்டிய செல்கள் சிவப்பாகும். கால்க் தொகுப்பில் பார்மட் மெனுவில் கண்டிஷனல் என்ற பிரிவில் இதே வசதி உள்ளது. வார விடுமுறை நீக்கி வேலை நாட்களை மட்டும் கணக்கிட விரும்புபவர்கள் நெட்வொர்க்டேஸ் என்ற பங்ஷனைப் பயன்படுத்தலாம்.

பதில் வந்துவிட்ட வரிசைகளை அழித்துவிட வேண்டாம். முடிந்தவை என்று இன்னொரு ஷீட் வைத்து அங்கே கட் செய்து ஒட்டிவிடுங்கள். யார் எப்போது என்ன தந்தார்கள் என்பது பின்னால் கேள்வி வந்தால் உதவும்.

காலாவதித் தேதிகளுக்குத் தனி ஷீட்

தாமதத்தின் உண்மையான ஆபத்து இந்த ஷீட்டில்தான் தெரியும். மூன்று நெடுவரிசைகள் போதும்: ஆவணம், காலாவதி நாள், மீதி நாட்கள். இங்கே பார்முலா தலைகீழாக வரும். காலாவதி நாளில் இருந்து இன்றைய தேதியைக் கழிக்க வேண்டும்.

கடன் உறுதிக் கடிதம் முடியும் நாளை முதலில் எழுதுங்கள். அடுத்து சர்ச் முடிவுகள். கம்ப்ளீஷன் நாளன்று இவை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது கடன் தரும் நிறுவனங்களின் பொதுவான நிபந்தனை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தம் முடியும் நாளையும் சேருங்கள். உங்கள் தேதி மட்டும் போதாது. சங்கிலியில் மற்றவர்களின் கடன் எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் எஸ்டேட் ஏஜென்ட் மூலம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். சங்கிலிக்கு உண்மையான கெடு, அவற்றில் முதலில் வரும் தேதிதான்.

கற்பனைச் சங்கிலியில் என்ன தெரிந்தது?

மேலே சொன்ன இல்போர்ட் குடும்பத்திற்கு வருவோம். இன்று ஜூன் 16 என வைத்துக் கொள்வோம். கடன் உறுதிக் கடிதம் மார்ச் 3 அன்று வந்தது, ஆறு மாதம் செல்லும். எனவே செப்டம்பர் 3 வரை 79 நாட்கள் உள்ளன. "வாட்போர்டில் புரோபேட் வரவில்லை, அதனால்தான் எல்லாம் நிற்கிறது" என்று ஏஜென்ட் சொல்கிறார். குடும்பமும் அதை நம்பி, மேலே உள்ளவர்கள் மீது கோபத்துடன் காத்திருக்கிறது.

இப்போது அட்டவணையை நிரப்பி, டேட்டா டேப்பில் சார்ட் என்பதன் மூலம் ஈ நெடுவரிசையைப் பெரிய எண்ணில் இருந்து சிறிய எண்ணுக்கு வரிசைப்படுத்துகிறார்கள். இப்படி வருகிறது.

அப்பாவின் வங்கிக் கணக்கு விவரமும் கடிதமும், நாம்தான் தர வேண்டும், கேட்டது மே 12: 35 நாட்கள்.
இல்போர்ட் பிளாட்டின் எல்பிஇ1, கட்டிட ஏஜென்ட், மே 19: 28 நாட்கள்.
ஹாரோ சுவர் அனுமதிக் கடிதம், ஹாரோ விற்பவர், மே 26: 21 நாட்கள்.
வாட்போர்ட் புரோபேட், வாரிசுகள், ஜூன் 2: 14 நாட்கள்.

முதல் வரிசையைப் பாருங்கள். மே 12 அன்று சொலிசிட்டர் அனுப்பிய இமெயிலின் அட்டாச்மென்டில், நான்காம் பக்கத்தில் அந்தக் கோரிக்கை இருந்தது. வழக்கமான கடிதம் என்று எண்ணி யாரும் முழுதாகப் படிக்கவில்லை. இரண்டாவது வரிசையிலும் அவர்களே செலுத்த வேண்டிய கட்டணம் பாக்கி. புரோபேட் நாளையே வந்தாலும் இந்தச் சங்கிலி நகர்ந்திருக்காது. நிற்கும் நான்கு கண்ணிகளில் இரண்டு அவர்கள் கையிலேயே இருந்தன.

இதுதான் அட்டவணையின் பயன். அது கவுன்சிலையோ நீதிமன்றத்தையோ வேகப்படுத்தாது. காத்திருக்க வேண்டியது எது, நாமே முடிக்கக் கூடியது எது என்று பிரித்துக் காட்டும். ஒரு வேலை முடியட்டும், பிறகு அடுத்தது என்று எண்ணாமல், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நகர்த்தலாம்.

யாரிடம் என்ன கேட்பது?

சொலிசிட்டருக்குத் தினமும் இமெயில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு இமெயிலையும் படித்துப் பதில் எழுதும் நேரம், உங்கள் பைலைப் பார்க்கும் நேரத்தில் இருந்துதான் போகிறது. வாரம் ஒரு முறை போதும். சப்ஜெக்ட் வரியில் அவர்கள் தந்த பைல் எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். "எப்போது முடியும்?" என்று கேட்டால் "முயற்சி செய்கிறோம்" என்றுதான் பதில் வரும். அட்டவணையில் இருந்து எடுத்து, "மே 26 அன்று கேட்ட சுவர் அனுமதிக் கடிதம் வந்ததா? வரவில்லை என்றால், அதற்குப் பதிலாக இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றை விற்பவர் எடுத்துத் தந்தால் ஏற்றுக் கொள்வீர்களா?" என்று கேளுங்கள். உறுதியான பதில் வரும். பழைய கட்டிட வேலைக்கான சான்று கிடைக்காதபோது இத்தகைய பாலிசி எடுப்பது அங்கே வழக்கத்தில் உள்ளதுதான்.

முழுச் சங்கிலியின் நிலவரத்தை எஸ்டேட் ஏஜென்டிடம் கேளுங்கள். விற்பனை முடிந்தால்தான் பெரும்பாலும் அவருக்குக் கமிஷன். எனவே மேலும் கீழும் உள்ள ஏஜென்டுகளுக்குப் போன் செய்து விசாரிக்க அவருக்கும் அக்கறை உண்டு. பெரிய ஏஜென்சிகளில் இதற்கென்றே ஒருவர் இருப்பார்.

நீங்களே இன்டர்நெட்டில் பார்க்கக் கூடியவையும் உண்டு. வீட்டின் உரிமைப் பதிவை லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெப்சைட்டில் இருந்து 7 பவுண்ட் செலுத்தி டவுண்லோட் செய்யலாம். 2024 டிசம்பருக்கு முன் இது 3 பவுண்ட். பதிவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், புரோபேட் போன்ற சிக்கல் முன்பே தெரிந்துவிடும். கட்டிட அனுமதிகளைக் கவுன்சில் வெப்சைட்டில் இலவசமாகத் தேடலாம். தேடும்போது அரசு வெப்சைட்தானா என்று முகவரியைப் பாருங்கள். அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்களும் தேடலில் முன்னால் வரும்.

இந்தியாவில் இருந்து பணம் அனுப்புபவர்களுக்கு

எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பிள்ளைகளுக்குத் தரும் அன்பளிப்பும் இதில் அடங்கும். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கிறது. இது வருமான வரிக் கணக்கில் சரி செய்து கொள்ளக் கூடியது என்றாலும், அனுப்பும் நேரத்தில் அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்து கொண்டால் ஒரு சங்கிலியே நின்றுவிடும். விலை பேசி முடித்ததுமே வங்கியில் விசாரித்து விடுங்கள். சொலிசிட்டர் கேட்கும் பக்கங்களை ஸ்கேன் செய்து, தேதியைப் பைல் பெயரில் முதலில் வைத்து ஒரே போல்டரில் சேமித்தால் தேடும் வேலை மிச்சம்.

கம்ப்யூட்டரே நின்றுவிட்டால்?

சில தாமதங்கள் யார் கையிலும் இல்லை. 2014 அக்டோபர் 20 அன்று பேங்க் ஆப் இங்கிலாந்தின் பணப் பரிமாற்ற அமைப்பு பல மணி நேரம் செயலிழந்தது. அன்று வீடு மாற இருந்தவர்கள் பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். 2020 அக்டோபரில் லண்டனின் ஹாக்னி கவுன்சிலின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டன. நில சர்ச் சேவை மாதக் கணக்கில் பாதிக்கப்பட்டது. 2023 நவம்பரில், சட்ட அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டபோது, பல சொலிசிட்டர்களால் கம்ப்ளீஷனை நடத்த முடியவில்லை.

இதற்கு நாம் செய்யக் கூடியது ஒன்றே. கடைசி நாள் வரை எதையும் தள்ளாமல், காலாவதித் தேதிக்கும் கம்ப்ளீஷனுக்கும் இடையே சில வாரங்களாவது இடைவெளி விட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆகும் முன் லாரிக்குப் பணம் கட்டாதீர்கள். வாடகை வீட்டுக்கு நோட்டீஸும் தராதீர்கள்.

அவசரத்தில் ஏமாற வேண்டாம்

நீண்ட தாமதத்திற்குப் பின் திடீரென எல்லாம் வேகம் எடுக்கும். மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பது அந்த நாளைத்தான். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று சொலிசிட்டரின் பெயரிலேயே இமெயில் வரும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். சில நேரம் உண்மையான மெயில் பாக்ஸையே கைப்பற்றி அனுப்புவார்கள். ஏமாந்தவர்களுக்கு வங்கிகள் பணம் திருப்பித் தரும் விதி 2024 அக்டோபர் 7 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. ஆனால் அதற்கு உச்சவரம்பு 85,000 பவுண்ட். வீட்டுப் பணம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

எனவே முதல் சந்திப்பிலேயே சொலிசிட்டரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காகிதத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். பணம் அனுப்பும் முன், இமெயிலில் உள்ள போன் எண்ணுக்கு அல்ல, முதல் நாள் தந்த எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். உங்கள் இமெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு வசதியையும் ஏற்படுத்திக் கொள்ளுங்கள்.

எப்போது முடிவெடுப்பது?

காலாவதி ஷீட்டில் மீதி நாட்கள் 45-ஐத் தொடும்போது ஒரு முடிவுக்கு வர வேண்டும். கடன் உறுதிக் கடிதத்தை நீட்டித் தருவார்களா என்று வங்கியிடம் கேட்பது முதல் வழி. பிளாட்டை மட்டும் விற்றுவிட்டுச் சில மாதம் வாடகை வீட்டில் இருப்பது இரண்டாவது வழி. இதில் இரண்டு முறை வீடு மாறும் செலவு உண்டு, ஆனால் கீழே உள்ள இளைஞரை இழக்க மாட்டீர்கள். எதிர்த் தரப்புக்கு ஒரு தேதி குறித்து, அதற்குள் எக்ஸ்சேஞ்ச் ஆகவில்லை என்றால் விலகுவோம் என்று சொல்வது மூன்றாவது வழி. விலகத் தயாராக இருந்தால் மட்டுமே இதைச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் ஆன பின் நிலைமை மாறிவிடும். குறித்த நாளில் ஒருவர் முடிக்காவிட்டால், வழக்கமான ஒப்பந்த விதிகளின்படி எதிர்த் தரப்பு நோட்டீஸ் தரலாம். அதன் பின் பத்து வேலை நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். தாமதத்திற்கு இழப்பீடும் உண்டு. வாங்கிய பின் இங்கிலாந்தில் முத்திரை வரி விவரம் தாக்கல் செய்து பணம் கட்ட 14 நாட்கள்தான் அவகாசம். இந்தத் தேதியையும் ஷீட்டில் சேர்த்து விடுங்கள்.

இந்த அட்டவணையைத் தயாரிக்க அரை மணி நேரம்தான் ஆகும். லண்டனில் இருக்கும் மகனும் மதுரையில் இருக்கும் அப்பாவும் ஒரே பைலைப் பார்க்க வேண்டும் என்றால், கூகுள் ஷீட்ஸில் ஏற்றிக் குடும்பத்திற்குள் மட்டும் பகிர்ந்து கொள்ளலாம். வங்கிக் கணக்கு எண்களை மட்டும் அதில் எழுதாதீர்கள். அடுத்த முறை "செயின் நகரவில்லை" என்று போனில் கேட்டால், எந்த வரிசை சிவப்பாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வேளை அந்த வரிசையில், தர வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரே இருக்கலாம்.